ஹீட் பம்ப் பொருத்தவிருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பல ஆண்டுகளாகத் தண்ணீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்கிய உங்கள் பாய்லர் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று பிளம்பர் கைவிரித்துவிட்டதையும், அதற்குப் பதிலாக, வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் வைக்கலாமா என்று நீயும் தங்கையும் யோசித்து வருவதையும் எழுதியிருந்தாய். எங்கள் வீட்டில் அதைப் பொருத்தி இரண்டு குளிர்காலங்கள் கழிந்துவிட்டன. வேலை நடக்கும் நாட்களில் வீடு என்ன பாடுபடும், அதன் பிறகு வாழ்க்கையில் என்ன மாறும் என்று நீ கேட்டதற்கு, பட்டறிந்ததை வைத்தே பதில் எழுதுகிறேன்.

நீ மிகவும் அஞ்சுவது அந்த நான்கைந்து நாள் இடிப்பையும் துளைப்பையும் என்று தெரிகிறது. அது கடந்துபோகும். உன் வீடு கதகதப்பாக இருக்குமா, மின்கட்டணம் கட்டுக்குள் நிற்குமா என்பதை முடிவு செய்வது, ஆட்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்பு போடப்படும் கணக்கும், அவர்கள் வேலையை முடித்துக் கிளம்பும்போது கருவியில் வைத்துவிட்டுப் போகும் சூட்டின் அளவும்தான். அவை இரண்டிலும் நீ விட்டுக்கொடுக்கவே கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். பாய்லர் எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. வெளியே நீர் உறையும் குளிராக இருந்தாலும், அதைவிடக் குளிர்ந்த ஒரு திரவம் அந்தக் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்கி ஆவியாகிவிடும். அத்தகைய திரவங்களில் ஒன்றான புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது என்பதை நினைத்துப் பார். அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது அது சூடாகி, தன் வெப்பத்தை, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரிடம் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. சமையலறையில் இருக்கும் ஃப்ரிட்ஜ் செய்வதும் இதே வேலைதான். இப்படி ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவழித்து ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பத்தைப் பெற முடிகிறது. ஆனால் அந்த மூன்று என்பது நிலையான எண் அன்று. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க இறைப்பதற்கு அதிக உழைப்பு தேவைப்படுவதைப் போல, வெளிக்காற்றின் வெப்பநிலைக்கும் குழாயில் ஓட வேண்டிய தண்ணீரின் வெப்பநிலைக்கும் இடையே உள்ள தூரம் கூடக்கூட கம்ப்ரஸரின் உழைப்பும் கூடுகிறது. வெளிக்காற்றை நாம் மாற்ற முடியாது. குழாய்த் தண்ணீரை எவ்வளவு குறைந்த சூட்டில் வைத்து வீட்டைக் கதகதப்பாக்க முடியும் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

அதனால்தான் வெப்ப இழப்புக் கணக்கை முதலில் வைக்கிறேன். முறையாக வேலை செய்பவர் உன் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று மணி நேரமாவது செலவிடுவார். ஒவ்வோர் அறையின் நீளம், அகலம், உயரம், சுவரின் வகை, ஜன்னல் கண்ணாடி ஒற்றையா இரட்டையா, மேற்கூரைக்கடியில் வெப்பக் காப்பு எத்தனை அங்குலம், ஏற்கெனவே உள்ள ரேடியேட்டர்களின் அளவு என எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஆண்டின் கடுங்குளிர் நாளில் அந்தந்த அறையிலிருந்து எத்தனை வாட் வெப்பம் வெளியேறும் என்று தனித்தனியாகக் கணக்கிடுவார். எங்களிடம் முதலில் வந்த நிறுவனம் இதில் எதையும் செய்யவில்லை. பழைய பாய்லர் எத்தனை கிலோவாட் என்று தொலைபேசியில் கேட்டு, 24 என்று நான் சொன்னதும், அதை வைத்தே ஒரு பெரிய கருவிக்கு விலை எழுதி அனுப்பிவிட்டார்கள். குழாயைத் திறந்ததும் குளியலுக்கு வெந்நீர் கொட்ட வேண்டும் என்பதற்காகவே அத்தகைய பாய்லர்கள் அவ்வளவு பெரிதாகச் செய்யப்படுகின்றன. வீட்டைச் சூடாக்க அதில் ஒரு பங்கு போதும். இரண்டாவதாக வந்தவர் அறை அறையாக அளந்தபோது எங்கள் தேவை 7 கிலோவாட்டுதான் என்று தெரிந்தது. தேவைக்கு மிஞ்சிய கருவியை வாங்கியிருந்தால், அது சில நிமிடங்கள் ஓடி நிற்பதும் மீண்டும் ஓடுவதுமாக மின்சாரத்தையும் தின்று கம்ப்ரஸரின் ஆயுளையும் குறைத்திருக்கும்.

அந்தக் கணக்கிலிருந்துதான் ரேடியேட்டர் பற்றிய முடிவும் பிறக்கிறது. பாய்லர் காலத்தில் 70 டிகிரித் தண்ணீர் ஓடிய அதே ரேடியேட்டரில் 45 டிகிரித் தண்ணீர் ஓடினால், அது வெளியிடும் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே சில அறைகளில் பெரிய ரேடியேட்டர் தேவைப்படும். எல்லா அறைகளிலும் தேவைப்படாது. எங்கள் ஒன்பதில் நான்கை மட்டும் மாற்றினோம். அதற்கு முன்பே மேற்கூரைக்கடியில் வெப்பக் காப்பைத் தடிமனாக்கி, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்ததால்தான் எண்ணிக்கை நான்கோடு நின்றது என்பதை உனக்கு அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வீடாக இருந்தால் 35 டிகிரியே போதும். ஹீட் பம்புக்கு அதைவிட உகந்த வீடு இல்லை. குழாய்களின் விட்டத்தையும் பார்க்கச் சொல். ஹீட் பம்ப் குறைந்த சூட்டில் அதிகத் தண்ணீரை ஓட்டும் கருவி என்பதால், மிக மெல்லிய பழைய குழாய்கள் அதற்கு ஈடுகொடுக்காது.

வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்பதில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். சத்தத்தைப் பற்றி மட்டுமே யோசித்தோம். சத்தம் முக்கியம்தான், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் வைத்தால் ஒலி மோதித் திரும்பி ஓங்கிக் கேட்கும், தூரம் இரு மடங்கானால் திறந்த வெளியில் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். பக்கத்து வீட்டாரின் படுக்கையறை ஜன்னலைப் பார்க்காதபடி இடம் தேர்ந்ததில் எனக்கு நிறைவு உண்டு. ஆனால் அந்த யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டும் என்பதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முதல் குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் நடைபாதையில் வழிந்து இரவோடு இரவாகப் பனிக்கட்டியாகி, காலையில் குப்பைத் தொட்டியை எடுக்கப் போன என் மனைவி வழுக்கி விழப் பார்த்தாள். பிறகு கூழாங்கல் நிரப்பிய குழி வெட்டி அதில் வடியவிட்டோம். நீ இதை முதல் நாளிலேயே கேட்டுவிடு. புரொப்பேன் நிரப்பிய யூனிட் என்றால் ஜன்னலிலிருந்தும் சாக்கடை மூடியிலிருந்தும் குறிப்பிட்ட தூரம் தள்ளித்தான் வைக்க வேண்டும். அது எரியக்கூடிய வாயு என்பதால் அந்த விதியில் தளர்வு கூடாது.

இனி, வேலை நடக்கும் நாட்கள். வெளியே கான்கிரீட் மேடை முன்கூட்டியே போடப்பட்டு இறுகியிருக்கும். முதல் நாள் பழைய பாய்லரைக் கழற்றுவார்கள். அன்றிலிருந்து குறைந்தது இரண்டு இரவுகளுக்கு வீட்டில் சூடும் இல்லை, வெந்நீரும் இல்லை என்று எண்ணிக்கொள். ஆகவே குளிர் தொடங்கும் முன்பே நாளைக் குறித்துவிடுவது நல்லது. சுவரில் துளை போடுவார்கள், ஓரிரு இடங்களில் தரைப்பலகையைப் பெயர்ப்பார்கள். பழைய குழாய்களைக் கழுவும்போது மை போலக் கறுத்த சேறு வெளியே வரும். இதை அவசரத்தில் தவிர்க்க விடாதே, அந்தச் சேறு புதிய கருவிக்குள் போனால் அதன் உயிரை வாங்கிவிடும். வெந்நீருக்கு 200 லிட்டர் அளவில் ஒரு தொட்டி வரும். உங்கள் வீட்டில் அலமாரி ஒன்றை அதற்கு இழக்க வேண்டியிருக்கும் என்பதைத் தங்கையிடம் இப்போதே சொல்லிவிடு. மின்சார வேலைக்கு அரை நாள் போதும். ஆனால் தனிச் சர்க்யூட் தேவை என்பதால், வீட்டின் முதன்மை ஃபியூஸ் அந்தச் சுமையைத் தாங்குமா என்று முன்னதாகவே பார்த்துவிட வேண்டும். எங்களுக்கு மொத்தம் நான்கு நாட்கள் பிடித்தன. நிலத்தடியிலிருந்து வெப்பம் எடுக்கும் வகையைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதன் திறன் அதிகம்தான், ஆனால் தோட்டத்தையே தோண்ட வேண்டும் அல்லது ஆழ்துளை போட வேண்டும். உங்கள் மனையின் அளவுக்கு அது ஒத்துவராது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடைசி நாளின் மாலைதான் மிக முக்கியமானது. வந்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பதும் அப்போதுதான். எங்கள் கருவியைக் குழாய்த் தண்ணீர் எப்போதும் 55 டிகிரியில் ஓடும்படி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வீடு சூடாகவில்லை என்று நாங்கள் புகார் சொல்லக் கூடாதே என்ற பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். முதல் மாதக் கட்டணத்தைப் பார்த்தபோது ஏமாற்றப்பட்டோமோ என்றே கலங்கினேன். பிறகு கையேட்டைப் படித்து, வெளிக்குளிருக்கு ஏற்ப தண்ணீரின் சூட்டைக் கருவியே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் அமைப்பை இயக்கினேன். சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு டிகிரி குறைப்பதும், எந்த அறையாவது குளிர்கிறதா என்று கவனிப்பதுமாக ஒரு மாதம் போனது. குறைக்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் 2 முதல் 3 சதவீதம் உயரும் என்பார்கள். எங்கள் கட்டணம் அதைக் காட்டியது. உள்ளே ஒரு மின்சார ஹீட்டரும் துணைக்கு இருக்கும். அது தேவையில்லாமல் ஓடுகிறதா என்று அவர்கள் முன்னிலையிலேயே சரிபார்த்துக்கொள்.

செலவு மிச்சமாகுமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. உங்கள் இரண்டு பில்களையும் எடுத்து, ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் எரிவாயுவைப் போல எத்தனை மடங்கு விலை என்று பார். மூன்று மடங்குக்குள் என்றால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட்டுக்குக் குறையாமல் வெப்பம் தரும் ஹீட் பம்ப் உனக்கு மிச்சம் பிடிக்கும். நான்கு மடங்கு என்றால் அதே கருவியிலும் செலவு கூடும். அப்போது தண்ணீரின் சூட்டை இன்னும் குறைத்து ஓட்டும்படி வீட்டைத் தயார் செய்வதே வழி.

பழக்கம் மாற ஒரு மாதம் ஆகும். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அறை மட்டும் ஒரே சீராக இதமாக இருக்கும். வெளியே போகும்போது அணைத்துவிட்டு வந்ததும் போடும் பழைய வழக்கம் இதற்கு ஆகாது. மெதுவாகச் சூடேற்றும் கருவியை அதன் போக்கில் ஓடவிட வேண்டும். ஈரக்குளிர் நாட்களில் வெளி யூனிட்டில் பனி படிந்து, அதைக் கரைக்கக் கருவி சில நிமிடங்கள் எதிர்த்திசையில் ஓடும். அப்போது எழும் வெண்ணிற ஆவியைக் கண்டு புகை என்று பதறாதே. வெந்நீர்த் தொட்டியில் கிருமி வளராதிருக்க வாரம் ஒருமுறை 60 டிகிரிக்குச் சூடேற்றும் அமைப்பை அணைத்துவிடாதே. குறிப்பாக, அத்தை உங்களுடன் இருக்கும் வரை அது ஓடியே ஆக வேண்டும்.

விலைப்பட்டியல் தருபவர்களிடம் அறைவாரியான கணக்குத் தாளையும் கேட்டு வாங்கி, கையெழுத்திடும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. எங்கள் வீட்டுத் தாளை எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த எண் சந்தேகத்துக்குரியதோ அதை எழுதுகிறேன். தங்கைக்கும் அத்தைக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்