கப்பல் பயணத்துக்குப் பெட்டி அடுக்குமுன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த கப்பல் அட்டவணையும் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தன. இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், வாசிக்க நிம்மதியாக இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு நீயும் தங்கச்சியும் மே மாதத்தில் 28 நாள் மத்தியதரைக் கடலில் போய்வரப் போகிறீர்கள் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று எழுதி முடியாது.

எத்தனை சேட்டு, எத்தனை சேலை என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் சொல்கிறேன். சேட்டு குறைந்தால் தோய்த்துப் போடலாம், இறங்கும் ஊரில் வாங்கலாம். விசாவோ குளிசையோ மூக்குக்கண்ணாடியோ குறைந்தால் நடுக்கடலில் ஒன்றும் செய்ய இயலாது. அதனால் முதலில் பத்திரங்கள், பிறகு மருந்து, பிறகு கைப்பை, கடைசியில்தான் பெரிய பெட்டி. இந்த ஒழுங்கை மாற்றாதே.

உன் அட்டவணையைப் பார்த்தவுடன் கண்ணில் பட்டது துருக்கி. இத்தாலி, குரோவேசியா, கிரேக்கம் மூன்றும் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள் (குரோவேசியா 2023 தையில் சேர்ந்தது). துருக்கி அதில் இல்லை. துருக்கியில் நின்றுவிட்டுக் கப்பல் திரும்பவும் கிரேக்கத்துக்கு வருகிறது. அது இரண்டாவது நுழைவு. ஒரு தடவை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அல்லது இங்கேயே விமானத்தில் ஏறவோ அங்கே கப்பலில் ஏறவோ விடமாட்டார்கள். விண்ணப்பத்தில் பல நுழைவு என்று குறித்து, துறைமுகங்களும் தேதிகளும் உள்ள பயண உறுதிப் பத்திரத்தையும் சேர்த்துக் கொடு. கையில் கிடைத்ததும் நுழைவு எண்ணிக்கை, நாள் கணக்கு, பெயரின் எழுத்து மூன்றையும் அந்த இடத்திலேயே சரிபார். விமானம் தாமதித்தால் நாள் போதாமல் போகக்கூடாது, ஆகவே சில நாள் கூடுதலாகவே கேள். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஆனபடியால் பங்குனி வரை இழுக்காதே. துருக்கிக்கு என்ன வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கு. 'கப்பலில் வருகிறவர்களுக்கு விசா தேவையில்லை' என்று யாராவது வாயால் சொன்னால், அதை மட்டும் நம்பி இருந்துவிடாதே.

கடவுச்சீட்டு பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஷெங்கன் விதி மூன்று மாதம்தான், ஆனால் பல கப்பல் நிறுவனங்கள் ஆறு கேட்கும். குறைவாக இருந்தால் இப்போதே பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்துக்குப் போய்ப் புதிதாக எடு. சில கப்பல்களில் துறைமுக அலுவல்களுக்காகக் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். படப் பக்கமும் விசாப் பக்கமும் நாலு பிரதி எடுத்து, ஆளுக்கு ஒன்று கையில், ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில் பிள்ளைகளிடம்.

காப்புறுதியில் ஒரு விசயம். விசாவுக்கு 30,000 யூரோ போதும் என்று மலிவானதை எடுத்துவிடாதே. கப்பலிலுள்ள வைத்திய நிலையம் தனியார் ஆஸ்பத்திரி போல் கட்டணம் எடுத்து, அதை உன் அறைக் கணக்கிலேயே எழுதிவிடும். காப்புறுதிப் பத்திரத்தில் நாலு வரி தேடு: கப்பலில் நடக்கும் சிகிச்சை, ஹெலிகொப்டர் அல்லது படகில் கரைக்கு ஏற்றும் செலவு, ஏற்கனவே உள்ள நோய், வயது எல்லை. உனக்குப் பிரசரும் தங்கச்சிக்குச் சீனியும் இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடு. மறைத்தால் பணம் கேட்கும்போது அதைச் சொல்லியே மறுப்பார்கள்.

இனி மருந்து. நம்மூர்ப் பாமசியில் குளிசையை வெட்டிச் சின்னக் கடதாசி உறையில் போட்டு, மேலே பேனையால் எழுதித் தருவார்கள். அந்த உறை விமான நிலையத்தில் எதற்கும் உதவாது. முழு அட்டையாக, பெட்டியோடு கேட்டு வாங்கு. வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எடு. அதில் கடையில் விற்கும் பெயர் அல்ல, மருந்தின் பொதுப்பெயர் இருக்கவேண்டும்: மெட்ஃபோர்மின், லொசார்டன் என்று, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்பதோடு. 28 நாள் பயணத்துக்கு 40 நாள் மருந்து எடு. உன் மருந்தில் பாதி தங்கச்சியின் கைப்பையில், அவளுடையதில் பாதி உன் கைப்பையில் இருக்கட்டும், ஒரு பை தொலைந்தாலும் இருவரும் சமாளிக்கலாம். பெரிய பெட்டியில் ஒரு குளிசைகூடப் போகக்கூடாது. கொடேயின், டிரமடோல் கலந்த இருமல் பாணியோ வலிக் குளிசையோ இருந்தால் வைத்தியரிடம் சொல்லி மாற்று. டுபாய் வழியாகப் போகிறீர்கள், அங்கே அவை கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டவை.

தங்கச்சியின் இன்சுலினைப் பெட்டியில் போட்டால் விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் உறைந்து கெடலாம். கப்பல் அறையிலுள்ள சின்னக் குளிர்ப்பெட்டியையும் நம்பாதே, பலவற்றில் அது பானத்தைச் சில்லென்று வைக்க மட்டும்தான். ஏறியவுடன் வைத்திய நிலையத்தில் கேட்டால் எங்கே வைப்பது என்று சொல்வார்கள். நேர வித்தியாசத்தையும் வைத்தியரிடம் கதைத்துவிடு. கோடையில் உரோம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 7 மணிக்குப் போடும் குளிசை அங்கே அதிகாலை 3.30. முதல் நாளும் கடைசி நாளும் எப்படி நகர்த்துவது என்று ஒரு தாளில் எழுதி வாங்கு.

கடல் மயக்கத்துக்கு இங்கே சுலபமாகக் கிடைப்பது சினரிசின். தலை சுற்றத் தொடங்கியபின் போட்டால் வயிறு அதை ஏற்காது. கடல் குழம்பும் என்று அறிவித்தால் இரண்டு மணி நேரம் முன்பே போடவேண்டும். நித்திரை வரும், மதுவோடு சேர்க்கக் கூடாது. வயதானவர்கள் நாள் கணக்காகத் தொடர்ந்து எடுத்தால் கைநடுக்கம் வரக்கூடும், ஆகையால் தேவையான நாளுக்கு மட்டும். அறை இன்னும் ஒதுக்கப்படவில்லை என்றால் கீழ்த்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் கேள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தட்டு, முன்முனை என்று அழகுக்காக எடுக்காதே. இன்னொன்று: கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வயிற்றோட்டத்தை வாசலில் வைத்திருக்கும் ஜெல் நம்பகமாகத் தடுக்காது. சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டு வடிவாகக் கைகழுவுங்கள்.

கைப்பை ஏன் முக்கியம் என்றால், துறைமுக வாசலில் பெரிய பெட்டியைச் சுமைகாரரிடம் கொடுத்துவிட்டால் அது அறைக்கு வர இரவாகலாம். அதுவரை அந்தப் பைதான் துணை: கடவுச்சீட்டு, மருந்து, கண்ணாடி இரண்டு சோடி, ஒரு மாற்றுடை, சார்ஜர். பவர் பாங்கும் இதற்குள்தான். பெரிய பெட்டியில் போட்டால் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே திறக்கச் சொல்வார்கள். 20,000 மில்லிஅம்பியர் கொண்டது ஏறக்குறைய 74 வாட்-மணி, அது 100 என்ற எல்லைக்குள் வரும். அதற்கு மேல் வாங்காதே.

பெட்டி இரவிலும் வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஸ்திரிக்கைப்பெட்டி, கேத்தில் அல்லது எக்ஸ்டென்ஷன் கோட். எக்ஸ்ரேயில் தெரிந்ததும் பாதுகாப்பு அறையில் நிறுத்திவிடுவார்கள். சூடாகும் பொருட்களைத் தடுப்பது விளங்கும். எக்ஸ்டென்ஷனை ஏன் என்று பலருக்குத் தெரியாது. கப்பலின் மின்சுற்று வீட்டைப்போல் நியூற்றல் கம்பி நிலத்தோடு கட்டப்பட்டதல்ல, இரண்டு கம்பியிலும் மின்னழுத்தம் இருக்கும். மின்னெழுச்சித் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷனுக்குள் கம்பிக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு பாகம் இருக்கிறது. கப்பலில் எங்காவது மின்கசிவு ஏற்பட்டால் அந்தப் பாகம் சூடாகித் தீப்பிடிக்கலாம். நடுக்கடலில் தீயைவிடப் பெரிய ஆபத்து இல்லை. நமது 13 அம்பியர் சதுர முள் அங்கே பொருந்தாது. அறையில் வழக்கமாக ஐரோப்பிய உருண்டை முள் துளையும் அமெரிக்கத் தட்டை முள் துளையும் இருக்கும். கொழும்புக்கு வரும்போது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உருண்டை முள் அடப்டர் இரண்டும், நாலு துளை உள்ள யூஎஸ்பி சார்ஜர் ஒன்றும் வாங்கு. அமெரிக்கத் துளை 110 வோல்ட், ஆகவே எதைச் செருகுமுன்னும் 100-240 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்.

தங்கச்சி கற்பூரமும் ஊதுபத்தியும் கட்டாயம் வைப்பாள். இரண்டையும் அன்போடு சொல்லி எடுத்துவிடு. கப்பலில் நெருப்பு கொளுத்தவே முடியாது, கற்பூரம் விமானத்திலும் தடை. திருநீறு போகலாம், கடையில் வாங்கிய பெயர் அச்சிட்ட பக்கெட்டோடு. வெறும் பொலித்தீனில் வெள்ளைத் தூள் கட்டிக்கொண்டு எந்தச் சுங்கத்துக்கும் போகவேண்டாம். சாப்பாட்டில், வீட்டில் செய்த சம்பலைப் பல கப்பல்கள் ஏற்றவிடா. கடையில் மூடி வந்த பருத்தித்துறை வடையும் மிக்சரும் சரி. இறைச்சி, பாற்பொருள் எதுவும் ஐரோப்பாவுக்குள் வேண்டாம். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் வியாழன் இரவே மேசைப் பரிசாரகரிடம் சொல்லவேண்டும். வெறும் 'மரக்கறி' என்றால் சீஸும் முட்டையும் வரும், 'இந்திய மரக்கறி' என்று கேட்டால் பருப்பும் சோறும் வரும்.

சரி, உடுப்பு. 28 நாளுக்கு 28 அல்ல, ஐந்தாறு நாளுக்குப் போதும், மிச்சம் தோய்ப்பு. எடையைத் தீர்மானிப்பது கப்பல் அல்ல, விமானச் சீட்டு. அதிலுள்ள கிலோவில் மூன்றைக் கழித்துவிட்டு அடுக்கு. உனக்கு ஐந்து சேட்டு, மூன்று காற்சட்டை, ஒரு கறுத்த கோட்டு, இரவுக்குச் சாரம் இரண்டு. விருந்து இரவுக்குப் பட்டு வேட்டியும் நஷனல் சட்டையும் தாராளமாகப் பொருந்தும், கோட்டைவிட இலேசு. தங்கச்சிக்குச் சேலை மூன்று போதும், அதில் பட்டு ஒன்றுதான். நல்ல காஞ்சிபுரம் ஒரு கிலோவைக் கிட்டும், யோர்ஜெட் அதில் பாதிகூட வராது, கசங்கவும் மாட்டாது. ஸ்திரிக்கை இல்லாத இடத்தில் அதுதான் பெரிய உதவி. மே மாதத்திலும் மேல்தட்டுக் காற்று இரவில் குளிரும். நுவரெலியா பசாரில் விற்கும் இலேசான ஜக்கெட் தாராளம். சப்பாத்தை மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு போகாதீர்கள், இப்போதே வாங்கி மூன்று மாதம் நடந்து பழக்குங்கள். இறங்கும் ஊர்களில் எல்லாம் பழைய கற்பாதை, தங்கச்சியின் முழங்காலுக்கு அது பெரிய விசயம். அறைச் சுவர் பெரும்பாலும் உருக்கு, ஆகவே காந்தக் கொளுக்கி ஆறு எடுத்தால் ஈரத் துணி மாட்டலாம்.

கப்பல் புறப்படும் நாளுக்கு முதல் நாளே உரோமில் இருங்கள். அங்கிருந்து சிவிற்றாவெக்கியாத் துறைமுகம் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஏறியதும் அறையில் படுக்கப் போகாமல் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போங்கள். கொஸ்தா கொன்கோர்டியா என்ற கப்பல் 2012 ஜனவரி 13 இரவு இதே துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. ஜிலியோத் தீவருகே பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்களுக்கு இன்னும் பயிற்சி நடந்திருக்கவில்லை, ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 2015 முதல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே என்று மாற்றினார்கள். ஆபத்து வந்தால் நீங்கள் கூடவேண்டிய இடத்தின் இலக்கம் அறை அட்டையில் இருக்கும். அங்கிருந்து அறைக்குப் படிக்கட்டு வழியாக ஒரு தடவை நடந்து பாருங்கள்.

கடலில் தொலைபேசி 'ஃபிளைட் மோட்'டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் செய்மதி ரோமிங் கட்டணம் தானாக ஏறும். அறைக் கணக்குக்கு டெபிட் அட்டை கொடுக்காதே. அவர்கள் நிறுத்திவைக்கும் தொகை பயணம் முடிந்தும் பல நாள் விடுபடாமல் கிடக்கும். கிரெடிட் அட்டையைக் கொடு, வங்கிக்கு நாடுகளின் பெயரைச் சொல்லிவிடு. கரையில் இறங்கும்போது கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வை. தொலைபேசி ஊர் நேரத்துக்குத் தானே மாறும், கப்பல் மாறாமல் இருக்கலாம். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காக அது காத்திராது.

கடைசி இரவு பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் அடுக்கி அனுப்பிவிட்டு, காலையில் போட உடுப்பும் சப்பாத்தும் இல்லாமல் நிற்பவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. நாளைய உடுப்பு, குளிசை, கடவுச்சீட்டு மூன்றையும் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூடவேண்டும்.

விசா அலுவலுக்குக் கொழும்பு வரும் தேதியை எழுது. வரும்போது இருவருடைய மருந்துப் பட்டியலையும் காப்புறுதிப் பத்திரத்தையும் கொண்டு வா, இருந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அன்புடன்,
உன் நண்பன்

பி.கு.: பெட்டி நிறுக்கும் சின்னத் தராசு என்னிடம் இருக்கிறது, நீ வாங்காதே.