முன்பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றியின் இரு ஓரங்களும் ஏறியிருக்கின்றன. உச்சியில் தோல் தெரியத் தொடங்கிவிட்டது. முடி மாற்று சிகிச்சைக்கு அடுத்த வாரமே முன்பணம் கட்டப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் என்று தடுக்க நான் இதை எழுதவில்லை. 25 வயதில் கண்ணாடி முன் நிற்கவே பிடிக்காமல் போவது எவ்வளவு பெரிய வேதனை என்று எனக்குத் தெரியும். "முடிதானே" என்று தட்டிக்கழிப்பவர்களைக் கண்டால் கோபம்தான் வருகிறது. ஆனால் தோல் நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்தவள் சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

எதனால் கொட்டுகிறது என்பதை முதலில் ஒரு தோல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். கடும் காய்ச்சலோ பெரிய அறுவை சிகிச்சையோ வந்துபோனால், பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைத்தால், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்பி வளர்ந்துவிடும். புழுவெட்டில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்க்கால்களைத் தாக்குகிறது. அதற்கு வைத்தியமே வேறு.

உன் படங்களில் தெரிவது மரபுவழி வழுக்கை என்றுதான் நினைக்கிறேன். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து டி.எச்.டி. என்ற ஹார்மோன் உண்டாகிறது. பிறவியிலேயே அதைத் தாங்க முடியாத வேர்க்கால்கள், ஒரு முடி உதிர்ந்து அடுத்தது முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே போகும். தடித்த முடி இருந்த இடத்தில் கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சும். "எல்லாம் உன் அப்பா வீட்டு வாகு" என்று உன் பாட்டி என்னிடம் சொல்வார். என் பிறந்த வீட்டைத்தான் சொல்கிறார், அதில் கொஞ்சம் உண்மை உண்டு. இதில் முக்கியப் பங்குள்ள ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது மகனுக்குத் தாயிடமிருந்துதான் வரும். ஆனால் அது ஒன்று மட்டுமே காரணம் இல்லை. அப்பா வழியிலிருந்தும் பல மரபணுக்கள் சேர்கின்றன. எண்ணெயோ ஷாம்புவோ ஹெல்மெட்டோ இதற்குக் காரணம் இல்லை, நீ உன்னை நொந்துகொள்ளவும் வேண்டாம்.

இப்போது சிகிச்சைக்கு வருகிறேன். அது ஒரு முடியைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. பிடரியிலும் பக்கவாட்டிலும் உள்ள வேர்க்கால்களை டி.எச்.டி. அவ்வளவாகத் தொடுவதில்லை. அவற்றைப் பெயர்த்து முன்னால் நட்டாலும் பழைய குணத்தோடே வளரும் என்று அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரீச் 1959இல் எழுதினார். இந்தச் சிகிச்சை முழுவதும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. நாற்றைப் பிடுங்கி நடுவது மாதிரிதான். ஆனால் பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்காது. பிடரியில் எடுக்கக்கூடிய கையிருப்பு வாழ்நாள் முழுவதற்கும் சில ஆயிரம் கிராஃப்ட்தான் (முடியும் வேருமாகப் பெயர்த்தெடுக்கும் சிறு துண்டைத்தான் கிராஃப்ட் என்பார்கள்).

என் கவலையெல்லாம் இங்கேதான். உன் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று இன்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. எங்கள் பிரிவுக்கு ஒருவர் வந்தார். சிறு வயதிலேயே வேறெங்கோ முன்வரிசையைத் தாழ்வாக, அடர்த்தியாக நட்டுக்கொண்டவர். நட்டது உறுதியாக நின்றது. அதற்குப் பின்னால் இருந்த சொந்த முடி போய்விட்டது. முன்னால் ஒரு கற்றை, பின்னால் வெறும் தோல். அதை மறைக்க முன்முடியைப் பின்னோக்கி வாரி வாரி, பேசும்போதும் கை தலையை விட்டு இறங்கவில்லை. பிடரியைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தழும்பு. மேற்கொண்டு எடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

அதனால்தான் முதலில் மருந்து என்கிறேன். மினாக்சிடில் தலையில் தடவுவது. தொடங்கியதும் சில வாரம் கூடுதலாகக் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதே. ஃபினாஸ்டரைடு மாத்திரை டி.எச்.டி.யைக் குறைக்கும். சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். அம்மாவிடம் பேசக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடமாவது மறைக்காமல் பேசு. இரண்டுக்கும் பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் பலனும் போய்விடும். நட்ட பிறகும் மீதி முடியைக் காக்க மருந்து வேண்டியிருக்கும் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஓராண்டு மருந்து எடுத்து, கொட்டுவது நின்றபின் சிகிச்சைக்குப் போனால் நானே கூட வருகிறேன். எஃப்.யு.டி. முறையில் பிடரித் தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுப்பார்கள். கோடாகத் தழும்பு நிற்கும். எஃப்.யு.ஈ. முறையில் சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள சின்னக் குழாய்க் கத்தியால் வேர்க்கால்களை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். தழும்பே இருக்காது என்பது பொய், புள்ளிகளாக இருக்கும். முறையைவிட முக்கியம், யார் கை என்பது. மருத்துவர் நெற்றியில் கோடு போட்டுவிட்டு, மீதியை உதவியாளரிடம் விட்டு நகர்ந்துவிடுகிற இடங்கள் உண்டு. மரப்பு ஊசி அளவு மீறினால் இதயத்துக்கே ஆபத்து. எடுத்த கிராஃப்ட் குளிர்ந்த திரவத்தில் நனைந்தபடி இருக்க வேண்டும், காய்ந்தால் செத்துவிடும். அந்தச் சின்னக் கிண்ணத்தைப் பார்த்துக்கொள்வதே ஒருவரின் முழுநேர வேலையாக இருக்கும்.

முதல் சில நாள் நெற்றி வீங்கும், பொருக்கு உதிர பத்து நாள் ஆகும். அடுத்த சில வாரங்களில் நட்ட முடிகளும் கொட்டும். வேர் உள்ளே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் துளிர்க்கத் தொடங்கி, முழுதாகத் தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். தங்கை திருமணத்துக்குள் முடியடர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறாயே, அது நடக்காது.

முன்பணத்தை நிறுத்திவை. அவர்களிடம் இவற்றை மட்டும் கேள்: என் வழுக்கை வகை என்ன, பிடரியில் எவ்வளவு இருக்கிறது, இப்போது எடுத்தால் பிற்பாடு எவ்வளவு மிஞ்சும், வேர்க்கால் எடுப்பதும் அதை நடத் துளையிடுவதும் மருத்துவரா உதவியாளரா, இன்னும் பத்து ஆண்டில் என் தலை எப்படியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பதில்களை அப்படியே எனக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா