செயலாளர் ஆண்டறிக்கை: கடற்புல்லும் அதை மேய்பவையும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் யார் என்பது அவரவருக்கே தெரியும்; பெயரை வாசிக்க வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சரி, இந்த ஆண்டின் படிப்புப் பொருளுக்கு வருகிறேன்.

கடற்புல்லை எடுத்துக்கொண்டபோது நம்மில் பலர் வைத்திருந்த கணக்கு எளியது: மேயும் விலங்கு பெருகினால் புல்வெளி செழிக்கும், கடல் சூடானால் அழியும். ஆண்டு முழுக்கப் படித்துப் பார்த்ததில் கணக்கின் பின்பாதி நின்றது. முன்பாதி ஆட்டம் கண்டுவிட்டது.

கடற்புல் பாசி இல்லை. வேர், தண்டு, பூ, விதை எல்லாம் உள்ள தாவரம். அதன் கையிருப்பு மணலுக்கு அடியில் ஓடும் தண்டில் இருக்கிறது. இலை போனாலும் அந்தக் கையிருப்பை எடுத்துத் துளிர்த்துவிடும். பேராமை இலையை மட்டும் கத்தரித்துத் தின்னும். தின்ற இடத்துக்கே திரும்பி வந்து புதுத்துளிரை மேயும். முற்றிய இலையைவிடத் துளிரில் நைட்ரஜன் அதிகம், நாரும் குறைவு. கடற்பசு என்னும் ஆவுளியாவோ வேரோடு பிடுங்கும். நாளைக்கு 30, 40 கிலோகூடத் தின்னும். அது போன வழியில் வெறும் மணல் கோடாகக் கிடக்கும். அந்தக் கோட்டில் முதலில் முளைப்பவை சீக்கிரம் வளரும் சிறு இலைப் புற்கள். ஆவுளியாவுக்குப் பிடித்தவையும் அவைதான்!

இதுவரை எல்லோரும் ஒத்துப்போனோம். லட்சத்தீவுக்கு வந்ததும் கூட்டம் சூடாகிவிட்டது. அகத்தி தீவின் காயலில் பேராமைகள் ஏராளமாகக் கூடின. நீள இலைப் புல்வெளி மேய்ந்து மேய்ந்தே குட்டையாகி, மெலிந்துபோனது. புல்லை நம்பியிருந்த மீன்களும் குறைந்தன. ஆமைகளால்தான் மீன் போனது என்று மீனவர்கள் சொன்னதை ஆய்வாளர்களும் பெருமளவு ஒப்புக்கொண்டார்கள். ஆமைகள் பிறகு வேறு தீவுகளின் காயல்களுக்கு நகர்ந்தன. பாதுகாக்கப்பட வேண்டிய விலங்கைக் குறை சொல்லலாமா என்று சிலர் கோபப்பட்டார்கள். ஆமையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை என்பதே என் கருத்து. சுறாக்களைப் பிடித்துத் தீர்த்த கடலில் மேய்ச்சலுக்கு அச்சம் என்பதே இல்லாமல் போய்விடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் புலிச்சுறாக்கள் நடமாடும் பருவத்தில் ஆவுளியாக்கள், நல்ல புல் இருந்தாலும் ஆபத்தான இடங்களில் மேய்வதைக் குறைத்துக்கொள்கின்றன. அங்கே புல்லுக்குக் காவல் சுறா.

அதே விரிகுடாதான் வெப்பத்துக்கும் பாடம் சொன்னது. 2010-11 கோடையில் வந்த கடல் வெப்ப அலை அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழித்தது. மண்ணில் பல நூறு ஆண்டுகளாகப் புதைந்திருந்த கரிமம் கலைந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் 20 லட்சம் முதல் 90 லட்சம் டன் வரை கரியமில வாயு வெளியேறியிருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சூட்டில் செடியின் சுவாசம் கூடுகிறது, தண்டிலுள்ள கையிருப்பு கரைகிறது. அந்த நேரத்தில் இலையையும் மேய்ந்துவிட்டால் துளிர்க்க என்ன மிச்சமிருக்கும்? வெப்பத்தையும் மேய்ச்சலையும் தனித்தனி அத்தியாயமாகப் படிக்க முடியாது என்று எனக்குப் பட்டது இங்கேதான்.

அப்புறம், வெப்பமண்டல மீன்கள் துருவத் திசையில் நகர்வது. அதே வெப்ப அலைக்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பாசி மேயும் ஒரா மீன்கள் பெருகி, கெல்ப் எனும் பெரிய கடற்பாசிக் காடுகளை மீண்டும் முளைக்கவிடவில்லை. இதை அப்படியே புல்வெளிக்குப் பொருத்திவிடலாம் என்று ஒருவர் வாதிட்டார். எனக்கு அது அவசரமாகத் தோன்றுகிறது: கெல்ப்புக்கு மண்ணுக்கடியில் சேமிப்பு கிடையாது.

மேய்வது எல்லாமே புல்லைக் குறைப்பதும் இல்லை. நத்தை போன்ற சிறு உயிர்கள் இலைமேல் படியும் பாசியைத் தின்று வெளிச்சம் விடுகின்றன. கலிஃபோர்னியாவின் எல்க்ஹார்ன் கழிமுகத்தில் கடல் நீர்நாய்கள் திரும்பியதும் நண்டு குறைந்தது. நண்டு தின்றுவந்த சிறு மேய்ச்சல் உயிர்கள் பெருகின, புல் தழைத்தது. கூட்டத்தில் அதிகம் ரசிக்கப்பட்டது இந்தச் சங்கிலிதான்.

ஃபுளோரிடா செய்தியை யாரும் ரசிக்கவில்லை. 2021இல் அங்கே, ஆவுளியாவின் உறவு விலங்கான மானட்டிகள் 1,100 இறந்தன. கழிவுச் சத்துகளால் நீர் கலங்கி, புல் செத்து, பல பட்டினியில் போயின. கடைசியில் லெட்டூஸ் கீரையைக் கொட்டித் தீனி போட்டார்கள். இது முதன்மையாக வெப்பத்தின் வேலை அல்ல என்பதையும் பதிவு செய்கிறேன். எல்லாவற்றையும் காலநிலைமீது சுமத்திவிட்டால் கழிவுநீர்க் குழாய் தப்பித்துவிடும்.

செயற்குழுவின் முன்மொழிவு: இனி பள்ளிகளில் நாம் பேசும்போது ஆவுளியா, ஆமை படங்களோடு நிறுத்தாமல் சுறாவையும் கழிவுநீரையும் சேர்க்க வேண்டும். மார்ச் 1, உலகக் கடற்புல் நாள் கூட்டத்தையும் இதே பொருளில் நடத்தலாம். விவாதித்து, அறிக்கையை ஏற்றுத்தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்