காசுக்குப் பக்கத்தில் துண்டையும் வையுங்கள்

இலங்கையில் நாணயக் காட்சிகளை ஒழுங்கு செய்யும் நூதனசாலைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குடியேற்றக் காலக் காசுகளை ஆட்சியாளர்களின் தலைகளைப் பார்த்து அடுக்குவது சேகரிப்பாளர்களின் வழக்கம். அந்த அடுக்கில், காசு யாருடைய கைக்கு வந்தது, யாருடைய கைக்கு வராமலே கணக்கில் கழிந்தது என்பது தெரிவதில்லை. இந்த வழக்கத்தைக் காட்சிக்கூடங்களும் பின்பற்ற வேண்டாம், தோட்டத் தொழிலாளரின் கடனைக் குறித்த ‘துண்டு’ என்ற சீட்டையும் காசுக்குப் பக்கத்தில் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

1825இல் ஆங்கிலேயர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வழங்கிய றிக்ஸ்டொலர் என்ற நாணயத்தை 1 ஷில்லிங் 6 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங்) என மதிப்பிட்டுத் தீவை ஸ்ரேலிங் எனும் பிரித்தானிய நாணயக் கணக்கிற்குள் கொண்டுவந்தனர். எனினும் அரிசியும் துணியும் கோப்பித் தோட்டங்களுக்கான ஆட்களும் தென்னிந்தியாவிலிருந்தே வந்துகொண்டிருந்ததால், புழக்கத்தில் இந்திய வெள்ளி ரூபாவை எந்தச் சட்டத்தாலும் வெல்ல முடியவில்லை. 1869இல் அரசு அதையே நியம நாணயமாக ஏற்று, 1872 முதல் 100 சதங்களாகப் பிரித்தது. இந்தியா அணாக் கணக்கைக் கைவிட்டதோ 1957இல்தான். கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியத் தொழிலாளரை வரவழைத்த மொரீசியசும் 1870களில் இதே வழியில் ரூபாவுக்கும் சதத்துக்கும் மாறியது.

அதன்பின் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. ஏறத்தாழ 2 ஷில்லிங் பெறுமதியாக இருந்த ரூபா, நூற்றாண்டின் முடிவில் 1 ஷில்லிங் 4 பென்சில் நிலைநிறுத்தப்பட்டது. விளைபொருளை லண்டனில் தங்கப் பெறுமதிக்கு விற்றுக் கூலியை வெள்ளியில் கொடுத்த தோட்டத்துரைமாருக்கு இது வாய்ப்பாயிற்று. அரிசியும் ரூபாக் கணக்கிலேயே வந்ததால் கூலியின் வாங்கும் சக்தி அதே அளவுக்கு விழவில்லை என வாதிடலாம். ஆனால் இடைவெளியில் கிடைத்த இலாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு இருக்கவில்லை.

1884 மே மாதம், தீவில் நாணயத்தாள் வெளியிட்டுவந்த தனியார் வங்கியான ஓரியன்ரல் வங்கி முறிந்தபோது, ஆளுநர் ஆதர் கோர்டன் அதன் நாணயத்தாள்களுக்கு அரசின் பொறுப்பை அறிவித்தார். அவ்வாண்டிலேயே அரசு தானே தாள் வெளியிடுவதற்கான சட்டமும் பிறந்தது. துணிவான முடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் தாள் வைத்திருந்தவர் காப்பாற்றப்பட்ட அதே காலத்தில், இலைநோயால் நொடிந்த கோப்பித் தோட்டங்களில் கூலி நிலுவையிலேயே கிடந்தது.

கூலி பெற்றவருக்கும் முழுப் பணமாகக் கிடைத்ததில்லை. கப்பற் செலவும் அரிசியும் முற்பணமும் அவர் பெயரில் கடனாகப் பற்றில் எழுதப்பட்டன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும்: இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு. புதிய தோட்டம் அந்தக் கடனை அடைத்து, அதை ஆட்களைத் திரட்டி மேற்பார்த்த கங்காணியின் பெயரிலும் அவன்கீழ் வந்தவர்களின் பெயரிலும் ஏற்றிக்கொள்ளும். மனிதரின் கடனையே ஈடாக வைத்துக் கைமாறிய இந்தத் தாள் 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எந்த அரசனின் தலையும் அதில் இல்லை என்பதற்காக அதை நாணய வரலாற்றிலிருந்து விலக்குவது முறையாகாது.

ஆகவே விக்டோரியாவின் செப்புச் சதம் இருக்கும் அதே பெட்டியில் ஒரு துண்டையும் ஒரு பற்றுக்கணக்கின் பக்கத்தையும் வையுங்கள். மூலம் கிடைக்காவிட்டால் பிரதி போதும். தொகை, தவணை, எத்தனை பேருக்கானது என்ற மூன்றையும் அதன்கீழ் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாணய வரலாற்றில் ஈடுபாடுள்ள ஒருவர்