நம் கல்லூரிப் படங்களுக்குள் சர்குலர் வருவதே இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி நட்பு பற்றிய படங்கள் குறித்து ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கேன்டீன், பைக், அரியர், காதல் தோல்வி எல்லாம் இருந்தது. வகுப்பில் சாதி பார்த்து யார் யாருடன் உட்காருகிறார்கள் என்பது மட்டும் இல்லை. கட்டுரையாளரைச் சொல்லிக் குற்றமில்லை, படங்களிலேயே அது கிடையாது.

2022-இல் கேரி வில்லியம்ஸ் இயக்கத்தில் 'எமர்ஜென்சி' என்றொரு அமெரிக்கப் படம் வந்தது. கல்லூரியில் படிக்கும் இரண்டு கருப்பினப் பையன்கள், கூடவே தங்கியிருக்கும் லத்தீன் அமெரிக்கப் பையன் ஒருவன். பார்ட்டிக்குக் கிளம்புகிற ராத்திரி, வீட்டுக்குள் முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண் போதையில் மயங்கிக் கிடக்கிறாள். அவசர உதவி எண் 911-க்கு ஒரு போன் போட்டால் முடிந்தது, ஆனால் போலீஸ் வந்து பார்த்தால் முதலில் என்ன நினைக்கும்? அந்தப் பயத்தில் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அலைகிறார்கள். நாம் சிரிக்கிறோம், சிரித்த பிறகு கூசுகிறது. டாக்டர் வீட்டுப் பிள்ளையான குன்லே, உண்மையைச் சொன்னால் நம்புவார்கள் என்கிறான், இன்னொரு கருப்பினப் பையன் ஷானுக்கு அந்த நம்பிக்கை துளியும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே நிறம்தான், பயம் மட்டும் வேறு வேறு, நட்பில் விரிசல் விழுவது அங்கேதான்.

அதே படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி. ஆசிரியை பாடம் என்ற பெயரில் இன வசைச்சொல்லைச் சொல்ல, மொத்த வகுப்பும் இவர்கள் இருவரையும் பார்க்கிறது. நமக்கென்ன இது புதிதா? அட்டெண்டர் சர்குலரோடு வருவார், "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திரிங்க" என்று பேராசிரியர் வாசிப்பார், காலையில் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டவன் மெல்லத் திரும்பிப் பார்ப்பான். நான் படித்தபோதும் நடந்தது, என் மகள் படிக்கும் கல்லூரியிலும் நடக்கிறது.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல, தெரியும். அங்கே பார்த்ததும் தெரிந்துவிடும், இங்கே கண்டுபிடிக்க வேண்டும். "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாங்க?" என்று சுற்றிச் சுற்றி வருகிற அந்தக் கேள்விகளைவிட நல்ல பிளாக் காமெடி எங்கே கிடைக்கும்? நாங்குநேரியில் 2023-இல் பட்டியலின மாணவன் ஒருவனைச் சக மாணவர்கள் வெட்டிய பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்றது. எங்கள் டெல்டாவில் கயிறே தேவையில்லை, பையன் எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறான் என்பதே போதும்.

நாம் எடுத்த காமெடி எது? 'சிவாஜி' (2007) படத்தில் பாரி மகளிரின் பெயரை வைத்து இரண்டு பெண்களுக்குக் கருப்புச் சாயம் பூசி நிறுத்தினார்கள், தியேட்டரே சிரித்தது. 'பரியேறும் பெருமாள்' (2018) கல்லூரிக்குள் போனது, பெரிய படம், ஆனால் அது அழ வைக்கும் படம். சாதியை வைத்துச் சிரிக்க முடியாதா என்றால் 'மண்டேலா' (2021) முடியும் என்று காட்டிவிட்டது. அந்தச் சிரிப்பு நாயகனான முடிதிருத்துபவர் மேல் விழவில்லை, அவர் ஓட்டுக்காக அலைந்தவர்கள் மேல் விழுந்தது.

மன்னார்குடி-திருத்துறைப்பூண்டி சாலை, ராத்திரி, கடைசி பஸ் போய்விட்டது. ஊர்த்தெருப் பெண் ஒருத்தி ரோட்டோரம் மயங்கிக் கிடக்கிறாள், மூன்று நண்பர்கள் பார்க்கிறார்கள். ஒருத்தன் உடனே 108-க்குப் போன் போடச் சொல்வான், காலனிப் பையன் "யார் பேர்லேர்ந்து போடறது?" என்று கேட்பான். இதை யாராவது எடுங்கள். எடுத்தால் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளிலும் ஒரு காட்சி போடுங்கள், சர்குலர் வாசிப்பவர்களுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கி.

- ஒரு வாசகி, மன்னார்குடி