ஸ்பிரிங் உதவி யாருக்கு வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம். கெர்ஷா நிறுவனத்தின் லீக் போன்ற, ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் மடக்குக் கத்திகளைச் சேகரிப்பாளர்கள் பலர் ஒதுக்குவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. லேசாகத் தள்ளினாலே உள்ளிருக்கும் முறுக்குக் கம்பி அலகை வெளியே தள்ளிவிடுகிறது, சரி, ஆனால் மூடும்போது அதே கம்பியை எதிர்த்து அழுத்த வேண்டியிருக்கிறது, சும்மா உட்கார்ந்து மெதுவாகத் திறந்து மூடிப் பார்க்கும் சுகமே போய்விடுகிறது. கம்பி உடையவும் செய்யும். கழற்றித் துடைப்பதும் தொல்லை. சட்டைப்பையில் திறந்துவிடக் கூடாதென்று லீக்கில் நுனிப் பக்கம் தனிப் பூட்டு வேறு! 2009இல் அமெரிக்கச் சுங்கத்துறை இவற்றை ஸ்விட்ச்பிளேடு, அதாவது பொத்தானை அழுத்தினால் தானே திறக்கும் கத்தி, கணக்கில் சேர்க்கப் பார்த்தது; அதே ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி விலக்கு தந்தது. அலகு சுழலும் இடத்தில் பேரிங் (சிறு குண்டுகள்) வைத்த கத்திகள் ஸ்பிரிங் இல்லாமலே வழுக்கிக்கொண்டு திறக்கின்றன, அப்புறம் இதற்கு எதற்குக் காசு?

– ஒரு வாசகர்