வடக்கு அறைக்கு மஞ்சள்தான் அடிக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பது பற்றி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வடக்குப் பார்த்த அறைக்கு வெயில் வராது, குளிர்ந்து கிடக்கும், அதனால் மஞ்சள், ஆரஞ்சு மாதிரி சூடான நிறம் அடியுங்கள் என்று போட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு அது சரி. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைகூட வடக்கே இல்லை; ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது, மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் இங்கே வடக்கு அறைக்கும் பாதி வருஷம் வெயில் உண்டு. நாம் கவலைப்பட வேண்டியது மேற்கு ஜன்னலைப் பற்றி. சாயங்காலம் மஞ்சள் வெயில் நேராக உள்ளே விழும் அறைக்கு ஆரஞ்சும் அடித்தால் கண் எரியும், வெளிர் நீலமோ சாம்பல் கலந்த பச்சையோ அங்கே எவ்வளவோ இதமாக இருக்கும்.

அதற்காக, நீலம் அடித்தால் வெக்கை குறையும் என்று யாரும் காசைச் செலவழிக்க வேண்டாம். உள்சுவர் நிறம் மனசுக்கு மட்டும்தான் குளிர்ச்சி. வெப்பத்தைக் குறைக்க நினைப்பவர்கள் கூரைக்கும் வெளிச்சுவருக்கும் வெளிர் நிறம் அடிக்கட்டும், வெயிலைத் திருப்பி அனுப்புவது அதுதான்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. தோட்டத்தை ஒட்டிய நம் வீடுகளுக்குப் பின்னால் செம்பனை (எண்ணெய்ப் பனை) நெருக்கமாக நிற்கிறது, அந்த மட்டைகளில் பட்டு வரும் வெளிச்சமே பச்சையாகத்தான் உள்ளே வருகிறது. அந்த அறைக்குப் பச்சை அடித்தால் பகலிலேயே இருண்டு போகும், அங்கேதான் இளமஞ்சளோ பீச் நிறமோ வேண்டும், எந்தத் திசையானாலும்.

அப்புறம் விளக்கு. இங்கே முக்கால்வாசி வீடுகளில் மாட்டுவது 6500 கெல்வின் வெள்ளை பல்புதான் (கெல்வின் என்பது பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு). அதன் கீழே பீச் நிறம் வெளுத்துப்போய் உயிரில்லாமல் தெரியும், 3000 கெல்வின் மஞ்சள் பல்பு போட்டால் அதே சுவர் அழகாகிவிடும், ஆனால் வெளிர் நீலம் அழுக்குச் சாம்பலாகிவிடும். கடையில் கொடுக்கும் சின்ன நிற அட்டையில் இதெல்லாம் தெரியாது, அதைவிட நான்கு சுவரிலும் ஏறியதும் எந்த நிறமும் அட்டையில் பார்த்ததைவிடக் கூடுதலாக அடிக்கும். சின்ன டின் ஒன்று வாங்கி, பெரிய அட்டையில் இரண்டு பூச்சு அடித்துக் காயவிட்டு, காலையிலும் சாயங்காலத்திலும் இரவு விளக்கிலும் அந்தச் சுவரிலேயே சாய்த்து வைத்துப் பாருங்கள்.

தீபாவளி போனஸை நம்பி வருஷத்துக்கு ஒருமுறை சாயம் வாங்கும் குடும்பங்கள் உங்கள் பத்திரிகையைப் படிக்கின்றன. அடுத்த முறை நம் ஊரில் சாயம் அடிக்கும் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.